லைசென்ஸ் வரட்டும்

சன்னல் ஓரம் நீங்களே உக்காருங்கண்ணே. வேண்டாம் வேண்டாம், எனக்கு இதுதான் வசதி. ஊர் உலகமே சன்னல் சீட்டுக்குச் சண்டை போடுது, இவன் என்னடான்னா கெடைச்சத விட்டுக்குடுக்குறானேன்னு பாக்குறீங்க. எனக்குக் காத்து ஆகாதுண்ணே. காத்து ஆகும், சும்மா சொன்னேன். வெளியில நிக்கிறவன் எவனாவது என்னப் பாத்துட்டா ஆகாது.

மாஸ்க்கா? சளி காய்ச்சல் ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க, ஒட்டாது. புதுக்கோட்டை தாண்டட்டும், கழட்டிடுறேன். அதுவரைக்கும் எங்க ஊர்க்காரன் எவனாவது ஏறுவான், எறங்குவான்.

நீங்க தொண்டிப் பக்கந்தானே? பஸ்ஸே அங்கிருந்துதானே பொறப்படுது. நான் ஏறும்போது துண்ட மூஞ்சியில போட்டுக்கிட்டு நல்லாத் தூங்கிட்டிருந்தீங்க. சரி, எந்த ஊரா இருந்தா என்ன, வெளியூர்க்காரரு. அதனாலதான் பேசுறேன். எங்க ஊருல இதப் பத்தி நான் வாயத் தொறக்க முடியாது. தொறந்தா மானம் போயிரும். இப்ப மட்டும் என்ன இருக்குன்னு கேக்காதீங்க.

நான் பஸ் ஸ்டாண்டுல ஏறலண்ணே. ஆட்டோ பிடிச்சு பைபாஸுக்கு வந்து, பஞ்சர் கடைக்குப் பின்னாடி டயருக்கு நடுவுல நின்னு, பஸ்ஸு வந்ததும் ஓடியாந்து ஏறுனேன். வேங்கைப்பட்டி கடைவீதியில பாத்திரக்கடை பூமிநாதன்னா தெரியாத ஆள் கெடையாது. நானே சொல்லிக்கக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். அந்தப் பூமிநாதன் பஞ்சர் கடைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறான். என்ன பாவம் பண்ணுனேன்னு கேளுங்க. சென்னைக்கு பஸ்ல போறேன். அதுதான் பாவம்.

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, நானே சொல்லிடுறேன். பாதியில நிறுத்துனா எனக்குத் திரும்ப வராது.

எங்க ஊருக்கு வெளியில வெள்ளைக்காரன் சண்டைக் காலத்துல விமானம் எறங்குறதுக்குன்னு ஒரு ஓடுதளம் போட்டுட்டுப் போனான். அப்பறம் அதுல ஆடு மேஞ்சுச்சு, கம்பு காயப்போட்டாங்க, டூவீலர் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. நானே அங்கதான் எட்டுப் போட்டுப் பழகுனேன். சில வருசத்துக்கு முன்னாடி அரசாங்கம் அதச் சரி பண்ணி, சுத்துச்சுவர் எழுப்பி, அழகா ஒரு கட்டடமும் கட்டி, தீயணைப்பு வண்டியும் கொண்டாந்து நிறுத்துச்சு. எல்லாம் இருக்கு, விமானம் மட்டும் இல்ல. எங்க பக்கத்து ஆளு அவசரத்துக்குப் பறக்கணும்னா மதுரைக்கோ திருச்சிக்கோ ஓடணும். நெஞ்சுவலிக்காரனக்கூட அப்படித்தான் கொண்டு போறோம். அதுக்காகத்தான் நாங்க விமான சேவை மீட்புக் குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சோம். வக்கீல் ராஜமாணிக்கம் தலைவரு, நான் செயலாளர். எங்க ஊருக்கு விமானமே வந்ததில்ல, அப்பறம் எதையா மீட்கப் போறீங்கன்னு ஒருத்தன் கேட்டான். அவனக் குழுவுல சேக்கல.

அந்த நேரத்துலதான் குறிஞ்சி ஏர்வேஸுன்னு ஒரு புதுக் கம்பெனி வந்துச்சு. வேங்கைப்பட்டியிலேருந்து சென்னைக்கு விடுறோம், லைசென்ஸ் வந்த மறுநாளே பறக்குறோம்னு சொன்னாங்க. லைசென்ஸுன்னா நான் நம்ம ஆர்டிஓ ஆபீஸ் மாதிரி நினைச்சுட்டேன். ஓட்டிக் காட்டுனா குடுத்துருவாங்கன்னு.

டெல்லியில அப்படி இல்லண்ணே. மொதல்ல ஆட்சேபணை இல்லன்னு ஒரு கடுதாசி வரணும். அது வந்துச்சு, பட்டாசு வெடிச்சோம். விமானம் கையில இருந்தாத்தான் மேல பாப்போம்னாங்க. வாடகைக்கு ஒண்ணு எடுத்துட்டு வந்து நிறுத்துனாங்க. மினிபஸ் அளவுதான் இருக்கும், ரெண்டு பக்கமும் விசிறி வச்சது. அதுக்கும் பட்டாசு வெடிச்சோம். அப்பறம் முதலாளிமாரப் பத்தி விசாரிச்சு அறிக்கை வரணும்னாங்க. அறிக்கை வர்றதுக்குள்ள ஒரு முதலாளி விலகி இன்னொருத்தரு வந்துட்டாரு, அதனால விசாரணை மொதல்லேருந்து. பைலட்டு ரெண்டு பேரும் எங்க ஊரு லாட்ஜுல கைலியக் கட்டிக்கிட்டு கேரம்போர்டு ஆடிக்கிட்டுக் கெடந்தாங்க. பறக்காமயே கெடந்தா அவங்க சான்றிதழு காலாவதி ஆயிருமாம். ஆச்சு. திரும்பப் பயிற்சிக்குப் போனாங்க. அவங்க வர்றதுக்குள்ள ஏர்போர்ட்டோட லைசென்ஸு முடிஞ்சுபோச்சு. அதப் புதுப்பிக்கிறதுக்குள்ள ஆட்சேபணை இல்லன்னு குடுத்தாங்கள்ல, அந்தக் கடுதாசிக்கே கெடு முடிஞ்சுபோச்சு. கேட்டா, கோப்பு மேசையில இருக்குங்குறான். எந்த மேசைன்னா சொல்லமாட்டேங்குறான்.

விமானம் மழையிலயும் வெயில்லயும் அப்படியே நிக்குது. ஞாயித்துக்கிழமையானா சனம் குடும்பத்தோட வந்து வேலிக்கு வெளியில நின்னு பாக்கும். சுண்டல் கடை வந்துச்சு, பலூன் கடை வந்துச்சு. விசிறிக்குள்ள மைனா கூடு கட்டிருச்சுன்னு காவக்காரன் சொன்னான். நான் பாக்கல.

புதுக்கோட்டை வந்துருச்சா? அப்பாடா. கழட்டிடுறேன். என் மூஞ்சிய எங்கயாவது பாத்த மாதிரி இருக்காண்ணே? இல்லையா? நல்லதாப் போச்சு.

இதுல பஸ்ல போறதுக்கு என்னய்யா வெட்கம்னு கேப்பீங்க. சொல்றேன். விமானம் வந்து நின்ன புதுசுல, லைசென்ஸக் குடுன்னு தபாலாபீஸ் முன்னாடி ஒருநாள் உண்ணாவிரதம் இருந்தோம். பந்தல், நாற்காலி, மைக்செட்டு, எல்லாம் ஜோரா இருந்துச்சு. ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் பேசுறாங்க. எனக்கு முன்னாடி பேசுன மளிகைக்கடைக்காரரு, விமானம் பறக்குற வரைக்கும் தாடி எடுக்கமாட்டேன்னு சபதம் போட்டுட்டாரு. விசில் பறக்குது. அடுத்தது நான். செயலாளர் அவரவிடக் கொறச்சலாப் பேசலாமா? காலையிலேருந்து பச்சத் தண்ணியில இருக்கேன், தலை கிறுகிறுன்னு வருது. மைக்கப் பிடிச்சேன். என்ன பேசப்போறேன்னு எனக்கே தெரியாது. ‘இனிமே என் வீட்டு ஆளுக யாரும் சென்னைக்குத் தரை வழியாப் போகமாட்டோம்! போனா நம்ம ஊரு விமானத்துலதான் போவோம்! இது சபதம்!’ அப்படின்னுட்டேன்.

கைதட்டல் இருக்கே, அந்த மாதிரி ஒரு கைதட்டல் என் கல்யாணத்துலகூட நான் கேட்டதில்ல. வக்கீல் எந்திரிச்சு வந்து சால்வை போட்டாரு. மறுவாரமே பிளெக்ஸ் பேனர் வச்சாங்க. மேல விமானம் பறக்குது, கீழ நான் கையக் கும்பிட்டு நிக்கிறேன், ‘சபதச் செம்மல்’னு பெருசா எழுதி, கடைவீதி முக்குல. நாலு தடவ அந்தப் பக்கமாப் போய்ப் பாத்துட்டு வந்தேன். கேவலமாத்தான் இருக்கு, ஆனா போய்ப் பாத்தேன்.

வீட்டு ஆளுகன்னு சொன்னேன் பாருங்க, வீட்டுல யாரு இருக்கா? நானும் என் வீட்டுக்காரி மீனாளும். ஒரே பொண்ணு உமையாள், அதச் சென்னையில குடுத்திருக்கு. சம்பந்தி தணிகாசலம், தங்கமான மனுசன், வாயி மட்டும் கொஞ்சம் நீளம். நான் சபதம் போட்ட கொஞ்ச நாள்லதான் உமையாள் முழுகாம இருக்கான்னு போன் வந்துச்சு.

தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே பாக்கணும். ஏழாம் மாசம் அவங்க வீட்டுல வளைகாப்பு வப்பாங்க, நாம போயி வளையல் போட்டு, சாப்பிட்டு, பிள்ளையக் கூட்டிக்கிட்டு வரணும். அதுக்கு நாம சென்னைக்குப் போகணுமே. ‘சம்பந்தி, எப்ப கெளம்புறீங்க’ன்னு தணிகாசலம் கேக்குறாரு. ‘லைசென்ஸ் வரட்டும், உடனே வந்துர்றோம்’னு சொன்னேன். சிரிச்சாரு. வெளையாட்டுன்னு நினைச்சுட்டாரு.

உமையாளும் கேட்டா. ‘அப்பா, காரப் பிடிச்சு வாங்கப்பா, மெதுவா வந்துரலாம்’னா. கார் எதுல போகுது? தரையிலதானே போகுது? ‘ஆத்தா, உன்ன நான் விமானத்துல கூட்டிட்டு வர்றேன், நம்ம ஊரு ஏர்போர்ட்டுல நீ வயித்தத் தள்ளிக்கிட்டு எறங்கணும், ஊரே நின்னு பாக்கணும்’னேன். ‘சரிப்பா’ன்னா. எது சொன்னாலும் சரிப்பான்னு கேட்டுக்குற பிள்ளைண்ணே அது. சண்டை போடுற பிள்ளையா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஏழாம் மாசத்த ஒன்பதாம் மாசத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன். தள்ளி வச்சாங்க. டெல்லியிலயும் தள்ளி வச்சாங்க. ஒன்பதாம் மாசம் தணிகாசலம் ஒரே வார்த்தையாச் சொல்லிட்டாரு. ‘இதுக்கு மேல தள்ளமுடியாது சம்பந்தி. விமானம் வந்தாலும் வராட்டியும் வெள்ளிக்கிழமை வளைகாப்பு’ன்னு.

மீனாள் சொன்னா, ‘நான் மட்டும் சத்தமில்லாம பஸ்ல போயிட்டு வந்துர்றேன். யாருக்குத் தெரியப்போவுது’ன்னு. நான் விடல. வீட்டு ஆளுகன்னு மைக்குல சொல்லிருக்கேனே. ஊரே கேட்டிருக்கே. நாளைக்கு அவ பஸ்ல ஏறுறத ஒருத்தன் பாத்தாப் போதும், கடையில எவர்சில்வர்னு சொல்லி ஒரு தட்டக் குடுத்தா எவன் நம்பி வாங்குவான்? அப்படித்தான் அவகிட்டச் சொன்னேன். அவ எடுத்து வச்சிருந்த சேலையத் திரும்பப் பொட்டியில வச்சா.

வளைகாப்ப வீடியோ கால்ல பாத்தோம். மொதல் வேப்பங்காப்பு அம்மாக்காரி போடணும்ல, அவங்க எதிர்வீட்டு அம்மா ஒருத்தங்க போட்டாங்க. நல்லவங்கதான் போல, சிரிச்ச முகமா இருந்தாங்க. உமையாள் நிமிந்து போனப் பாத்து, ‘அம்மா, பாத்துக்கிட்டிருக்கியா?’ன்னு கேட்டா. தணிகாசலம் போனத் திருப்பி, ‘என்ன சம்பந்தி, மேகத்துல டிராபிக்கா?’ன்னாரு. அந்தப் பக்கம் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். மீனாள் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயி மிக்சியப் போட்டா. ரொம்ப நேரமா ஓடுதேன்னு போய்ப் பாத்தா, உள்ள ஒண்ணுமே இல்ல. சும்மா ஓடிக்கிட்டிருக்கு. அவ அது மேல கைய வச்சு அழுத்திக்கிட்டு நிக்கிறா.

டெல்லிக்காரனச் சொல்லணும்ணே. ஒரு கையெழுத்து. அத அவன் போட்டிருந்தா மீனாள் அங்க போய் நின்னிருப்பா. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க. இருங்க.

இங்க சாப்பாட்டுக்கு நிறுத்துவான், எறங்குறீங்களா? நான் எறங்கல. டீ மட்டும் சன்னல் வழியா வாங்கிக் குடுங்க, புண்ணியமாப் போகும்.

...

நல்லாருக்கு டீ. எங்க விட்டேன்? ஆங். அப்பறம் டாக்டர் சொல்லிட்டாங்க, இனிமே பிள்ளைத்தாச்சிய எதுலயும் ஏத்தக் கூடாதுன்னு. விமானத்துலயும் ஏத்தமாட்டாங்களாம். இது எனக்கு முன்னாடியே தெரியாது. சரி, பிரசவத்துக்கு நாம போயிக்கலாம், இன்னும் நாள் கெடக்கு, அதுக்குள்ள லைசென்ஸ் வந்துரும்னு இருந்தேன். அந்த வாரந்தான் வக்கீல் டெல்லிக்குப் பேசியிருந்தாரு. கையெழுத்து ஆயிருச்சுங்குற மாதிரிதான் பேசுனாங்களாம்.

ஒருநாள் மத்தியானம், கடையில நல்ல யாவாரம். ஒரு கல்யாண வீட்டுக்காரங்க அண்டா பாத்துக்கிட்டிருக்காங்க. மாப்பிள்ளை பிரசன்னா போன் பண்றாரு. ‘மாமா, முன்னாடியே வலி வந்துருச்சு, ஆஸ்பத்திரியில சேத்துட்டோம்’னாரு. வீட்டுக்கும் பேசிருப்பாரு போல. நான் போன வக்கிறதுக்குள்ள மீனாள் கடை வாசல்ல நிக்கிறா, கையில பையோட. இத்தனை வருசத்துல அவ கடைக்கு வந்ததே கம்மி. கல்யாண வீட்டுக்காரங்க முன்னாடியே சொல்றா, ‘நான் பஸ்ல போறேன். பஸ் ஸ்டாண்டுலதான் ஏறுவேன். கடைவீதி வழியாத்தான் நடந்து போவேன்.’ அவ்வளவுதான். நடந்தா. தலையக்கூடக் குனியல, அந்த பேனருக்குக் கீழயே நடந்து போறா.

எனக்கு அப்ப என்ன தோணிருக்கணும்? எம்பொண்ணு அங்க கத்திக்கிட்டுக் கெடக்கா. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமாண்ணே? எதிர்த்த கடைக்காரன் பாத்துட்டானான்னு தோணுச்சு. கல்யாண வீட்டுக்காரங்ககிட்ட நானா சொல்றேன், ‘மதுரையில சொந்தத்துல ஒரு கல்யாணம், அதுக்குப் போறா’ன்னு. அவங்க கேக்கவே இல்ல. அவங்க அண்டாவத் தட்டிப் பாத்துக்கிட்டிருக்காங்க.

மீனாள் போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ள பொறந்துருச்சு. பொம்பளப் பிள்ள. உமையாளுக்கு ரத்தம் கொஞ்சம் கூடவே போயிருச்சாம். ஒரு கட்டத்துல டாக்டர் பயந்துட்டாங்களாம். உள்ள இருந்து அம்மா அம்மான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கு. நர்சம்மா ஒருத்தங்க கையப் பிடிச்சுக்கிட்டு, ‘நான்தாம்மா, அம்மாதாம்மா’ன்னாங்களாம். தணிகாசலந்தான் போன்ல சொன்னாரு. அன்னைக்கு அவரு கிண்டல் பண்ணல. பண்ணியிருக்கலாம்.

அதுக்கப்பறம் மீனாள் அங்கேயேதான் இருக்கா. எனக்கு ஒரு போன் கெடையாது. நான் போட்டா மாப்பிள்ளைகிட்டக் குடுத்துருவா. நானும் ஹோட்டல்லதான் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். ஊருல யாராவது கேட்டா மதுரைக் கல்யாணம்னு சொல்ல வச்சிருந்தேன். ஒரு கல்யாணம் இத்தன நாளா நடக்கும்? ஆனா ஒருத்தரும் கேக்கல பாருங்க. அதுதான் எனக்கு ரொம்பப் பயம். எல்லாத்தையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, மூஞ்சிக்கு முன்னாடி பேசாம, உள்ளுக்குள்ள சிரிக்கிறாங்கன்னு நினைச்சேன். கடையில உக்காந்தா முதுகு கூசும்.

நாளைக்குப் பேத்திக்குப் பேர் வைக்கிறாங்க. உமையாள் போன் பண்ணி, ‘அப்பா, நீங்க வரலைன்னா பேர் வைக்கவேணாம்னு சொல்லிட்டேன்’னா. அவளுக்கு எங்கிட்டக் கோவம் இருந்தாத் தேவலை. கோவமே இல்ல. ‘உங்க சபதம் எனக்குத் தெரியும்ப்பா, எப்படியாவது வழி பாருங்க’ங்குறா. நான் என்ன பண்ணுனேன்? பொய் சொன்னேன். ‘ஆத்தா, குறிஞ்சிக்காரங்க சோதனை ஓட்டம் விடுறாங்க, செயலாளர்னு எனக்கு ஒரு சீட்டுப் போட்டிருக்காங்க, விமானத்துலதான் வர்றேன்’னேன். அந்தப் பிள்ளைக்குச் சந்தோசம் தாங்கல. ‘நெசமாவாப்பா? நான் வந்து ஏர்போர்ட்டுல நிக்கிறேன்’னா. பச்ச உடம்புக்காரி வெயில்ல வரக்கூடாது, மாப்பிள்ளைய மட்டும் அனுப்புன்னு சொல்லிட்டேன்.

அதுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருக்கேன். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, டவுன்பஸ் பிடிச்சு திரிசூலம் ஏர்போர்ட்டுக்குப் போயிரணும். அங்க விமானத்துல வந்தவங்க வெளியில வர்ற எடம் இருக்குல்ல, அதுல கூட்டத்தோட கூட்டமாப் போய் நின்னுக்கிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போடணும். பையப் பாருங்க, விமானத்துல ஒட்டுற சீட்டு ஒண்ணு காதுல சுத்தியிருக்கேன். துபாய்லேருந்து வந்த ஒருத்தரு பெட்டியில கெடந்தது, கேட்டு வாங்கி வச்சிருந்தேன். என்ன, அதுல திருச்சின்னு போட்டிருக்கா? இங்கிலீஷுல மூணே எழுத்துதானே இருக்கு, அத யாரு உத்துப் பாக்கப் போறா. உள்ள வெள்ளிப் பாலாடை இருக்கு, பேத்திக்குப் பால் புகட்ட. எங்க கடையில இருக்குறதுலயே நல்லது.

பஸ்ல போறது ஊருக்குத் தெரியக்கூடாது. பஸ்ல வந்தது சம்பந்திக்குத் தெரியக்கூடாது. இந்த வயசுல இப்படி ஒரு பொழப்பு. உங்ககிட்டச் சொன்னதுல கொஞ்சம் லேசா இருக்கு. நீங்க யாரோ, நான் யாரோ. கிளாம்பாக்கத்துல எறங்கிப் போயிருவோம்.

என்னண்ணே? ஏதோ சொல்ல வந்தீங்க. இப்பச் சொல்லுங்க, நான் முடிச்சுட்டேன்.

எந்த ஊரு?

வேங்கைப்பட்டியா? எந்த வேங்கைப்பட்டி? எங்க வேங்கைப்பட்டியா? அட, பஸ் ஸ்டாண்டுலயே ஏறுனீங்களா? அதை மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் எங்க விட்டேன், ஆமா, நான் விடல. ஐயையோ. யாரு நீங்க? மைக்செட்டு வீராச்சாமியா? தபாலாபீஸ் முன்னாடி அன்னைக்கு மைக்செட்டு போட்டது நீங்கதானா?

அண்ணே, உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன். பூமிநாதன் பஸ்ல போனான்னு ஊருல சொல்லிறாதீங்க. சபதம் போட்டவன்...

எந்தச் சபதமா? என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க? நீங்கதானே அன்னைக்கு மேடைக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க. நான் பேசுனது உங்க பொட்டி வழியாத்தானே நாலு தெருவுக்குக் கேட்டுச்சு. ஞாபகம் இல்லையா? மோதிரத்தால மைக்கத் தட்டுனவருன்னு மட்டும் ஞாபகம் இருக்கா. ஆமா, தட்டுனேன். கேக்குதான்னு பாக்கத் தட்டுனேன்.

சரி, உங்களுக்கு ஞாபகம் இல்ல. உங்களுக்கு வாரத்துக்கு ஒரு கூட்டம், எவன் என்ன பேசுறான்னு கேப்பீங்களா என்ன. ஊருக்குத் தெரியுமே. மளிகைக்கடைக்காரரு தாடி வச்சிருக்காரே. எடுத்துட்டாரா? எப்ப? மறுவாரமேவா? நான் அவரு கடைப் பக்கமே போறதில்லண்ணே, எங்க என்னயக் கேட்டுருவாரோன்னு. எடுத்துட்டாரா. யாரும் ஒண்ணும் கேக்கலையா?

பேனரு? கடைவீதி முக்குல இருந்துச்சே, அது? கழட்டிட்டாங்கன்னு தெரியும், பத்திரமா வச்சிருப்பாங்கன்னு... டீக்கடைக்காரரு வெறகு மேல மூடிருக்காரா. படம் உள்பக்கமாவா வெளிப்பக்கமாவா? உள்பக்கமா. சரி.

ஒருத்தர்கூடவா அண்ணே? கடைவீதியில, கோயில்ல, சவரக்கடையில, எங்கயும் ஒருத்தர்கூட என் சபதத்தப் பத்திப் பேசி நீங்க கேட்டதில்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.

...

இருங்க, போன் அடிக்குது. உமையாள்.

சொல்லு ஆத்தா. என்னது? சத்தமாப் பேசு. நீயா? நீ எதுக்கு வந்த? மாப்பிள்ளைய மட்டும் அனுப்புன்னு சொன்னேன்ல. பிள்ளையையுமா தூக்கிட்டு வந்திருக்க? இந்த வெயில்லயா? உங்கம்மாவும் வந்திருக்காளா? எந்த வாசலா... வாசல் வந்தும்மா... இல்ல, இன்னும் எறங்கல. எறங்கப் போறேன். சத்தமா? அது ஹாரன் சத்தம். இல்லம்மா, ஏர்போர்ட்டுல இல்ல. ஏர்போர்ட்டுல ஹாரன் அடிக்கமாட்டாங்கதான்.

ஆத்தா, கேளு. அப்பா டோல்கேட்டுல நிக்கிறேன். பரனூர் டோல்கேட்டு. பஸ்ல வர்றேன். ஆமா, கவர்மெண்டு பஸ்ஸு. சோதனை ஓட்டமெல்லாம் இல்ல, பொய் சொன்னேன். உமையா? கேக்குதா? ஏன் அழுவுற? பச்ச உடம்போட அழுவாத. ம். ம். சரி. வந்துர்றேன். பிள்ளைய நிழல்ல வச்சுக்க.

வச்சுட்டா.

தண்ணி இருக்காண்ணே, கொஞ்சம் குடுங்க.

பொய் சொல்லிட்டீங்களேப்பான்னு கேப்பான்னு நினைச்சேன். அன்னைக்கு எங்கப்பா போயிருந்தீங்கன்னு கேப்பான்னு நினைச்சேன். கேக்கல. ‘எனக்காகவாப்பா பஸ்ல வந்தீங்க? இனிமே ஊருல உங்கள என்ன சொல்லுவாங்கப்பா’ன்னு கேட்டு அழுவுறா. பக்கத்துல நிக்கிற அவ அம்மாகிட்டச் சொல்றா, போன்ல எனக்குக் கேக்குது. ‘அம்மா, அப்பா நமக்காகச் சபதத்த விட்டுட்டு வர்றாரும்மா’ங்குறா. மீனாள் என்ன சொன்னான்னு கேக்கல. ஹாரன் அடிச்சுட்டான்.

அந்தச் சபதத்த ஞாபகம் வச்சிருக்குறது அவ ஒருத்திதான் போலண்ணே. அத மதிச்சு, வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேக்காம, தனியா வலி தாங்கிக் கெடந்திருக்கா.

ஊருல என்ன சொல்லுவாங்கன்னு கேக்குறா. நீங்கதானே ஊரு, நீங்க சொல்லுங்க. ஒண்ணும் சொல்லமாட்டீங்க. யாரும் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டாங்க. வளைகாப்புக்கே வந்திருக்கலாம், வலி எடுத்த அன்னைக்கே வந்திருக்கலாம், இதே பஸ்ஸு தெனமும் போயிக்கிட்டுதான் இருந்திருக்கு. இன்னும் கொஞ்ச நேரத்துல அந்தப் பிள்ள என் கையில குழந்தையக் குடுக்கும். அப்ப இத அவகிட்ட நான் எப்படிண்ணே சொல்றது?